மிசி பதில்கள்: கறுத்த கழுத்தும் கட்டிப்பாலும்

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம். அதனால்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முகத்தைப் பற்றி. போன மாதம் மூட்டுவலி, அதற்கு முந்தின மாதம் வாயுத்தொல்லை. இப்போது எல்லாருக்கும் பளபளக்க வேண்டும். பீடோர் (பேராக், மலேசியா) கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போனாலும் விடுவதில்லை. "மிசி, ஒரு நிமிஷம்" என்று கையில் பையோடு வெயிலில் நிற்க வைத்து, கன்னத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. தோட்டத்து (எஸ்டேட்) கிளினிக்கில் 9 வருடம், அப்புறம் அரசாங்கக் கிளினிக்கில் 25 வருடம் மிசியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள். என் கைக்கு மீறியதை டாக்டரிடம் அனுப்பித்தான் பழக்கம்; இங்கேயும் அப்படித்தான்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. நல்ல நிறம். ஆனால் ஒரு வருடமாகக் கழுத்தைச் சுற்றிக் கறுத்துத் தடித்துப்போய்விட்டது. "குளிக்க மாட்டியா?" என்று பள்ளியில் கேலி செய்கிறார்களாம். பயற்றமாவு, எலுமிச்சை, தயிர், சீனி எல்லாம் தேய்த்துவிட்டேன், போகவில்லை. தீபாவளிக்குப் பாவாடை தாவணி கட்டமாட்டேன் என்று அழுகிறாள். என்ன சாப்பிடக் கொடுத்தால் சரியாகும்? (ஓர் அம்மா, தாப்பா)

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா. இன்றைக்கே. அது அழுக்கு இல்லை.

தோட்டத்தில் இருந்தபோது ஒரு சின்னப் பெண்ணைப் பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்த கையோடு அவள் அம்மா இழுத்துக்கொண்டு வந்தார். கழுத்துப் பிடரி முழுக்கத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. துணி சோப்புத் தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார். "அழுக்கு போக மாட்டேங்குது மிசி." அன்றைக்கு நான் புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பினேன். அந்தக் கறுப்பு ஏன் வந்தது என்று எனக்கே அப்போது தெரியாது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

உங்கள் மகளின் கழுத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் மெத்தென்று, வரி வரியாக இருக்கிறதா? அக்குளையும் பாருங்கள், விரல் முட்டிகளையும் பாருங்கள். அங்கேயும் கறுப்பு இருந்தால், பெரும்பாலும் இது அக்காந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பதுதான். பெயர் வாயில் நுழையாவிட்டால் விடுங்கள், விஷயம் இதுதான்: சாப்பிடும் சீனியையும் மாவையும் உடம்பின் செல்களுக்குள் சேர்க்க இன்சுலின் வேண்டும். உடம்பு கனத்து, அசைவு குறைந்து, இனிப்பு ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால் செல்கள் இன்சுலினுக்கு மசிவதில்லை. மசியவில்லை என்று கணையம் இன்னும் சுரக்கிறது. இப்படி ரத்தத்தில் கூடிப்போன இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருக்கிவிடுகிறது. மடிப்பு விழும் இடங்களில் தோல் தடித்துக் கறுக்கிறது. காரணம் உள்ளே, ரத்தத்தில் ஓடுகிறது. அதை எலுமிச்சையால் தேய்த்து எப்படி எடுப்பீர்கள்?

இதை வைத்து மகளுக்கு நீரிழிவு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வரும் வழியில் நிற்கிறாளோ என்று பார்க்க வேண்டும். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 30 விழுக்காட்டைத் தாண்டியது. நம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), நம் தாமானில் (குடியிருப்பில்) வீட்டுக்கு ஓர் இன்சுலின் ஊசி இருப்பது சும்மா இல்லை. அதனால் தாப்பா அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையையும் கேளுங்கள். சீட்டுக்கு 1 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் போகாது.

இனி சாப்பாடு. போன வருடம் இதே குறையோடு ஒரு தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். சமையல் மேசையில் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்தேன். அந்தப் பெண் ஒரு நாளில் குடிப்பதை வரிசையாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றிலும் இருக்கும் சீனியைத் தட்டில் கொட்டினேன். காலையில் மைலோ, அதில் இரண்டு பெரிய கரண்டி கட்டிப்பால் (சீனி சேர்த்துச் சுண்டவைத்த டின் பால்). பள்ளி இடைவேளையில் சிராப் தண்ணீர். வீடு திரும்பும்போது ஒரு டின் காஸ் தண்ணீர். மாலையில் அப்பாவோடு தே தாரேக். படுக்கப் போகும்போது இன்னொரு மைலோ. தட்டில் விழுந்தது சிறு கரண்டியில் 20-க்கும் மேல். உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்கிறது. 25 கிராம் என்றால் சிறு கரண்டியில் ஐந்தாறு. அந்த அம்மா தட்டைப் பார்த்து, "நான் இவளுக்குச் சோத்தைத்தானே மிசி குறைச்சேன்" என்றார்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். சோற்றைக் குறைக்கிறோம், கோப்பையை விட்டுவிடுகிறோம்.

கட்டிப்பால் டின்னில் ஏறத்தாழ பாதி சீனி. இப்போது கடையில் மலிவாகக் கிடைப்பதில் பல, பாலே குறைவான கிரீமர். டின்னைத் திருப்பிப் படித்தால் செம்பனை எண்ணெய் (பாமாயில்) என்று எழுதியிருக்கும். நம் தோட்டங்களில் அந்த டின் ஒரு மரியாதையான பொருள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளையை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் கைக்குழந்தைக்கு அதைத்தான் வெந்நீரில் கரைத்துப் புட்டியில் கொடுப்பார்கள் என்று என் அம்மா சொல்வார். சிசிலி வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்கார டாக்டரம்மா 1939-இலேயே சிங்கப்பூரில் மேடையேறி, குழந்தைக்குக் கட்டிப்பால் கொடுக்கச் சொல்லி விற்பது கொலைக்குச் சமம் என்று பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு நம் லயம்வரை வந்து சேரவில்லை போலிருக்கிறது.

ஆக, முதல் வேலை கோப்பை. ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை எதிர்க்கும். இரண்டு வாரம் பாதியாக்குங்கள், அப்புறம் அதிலும் பாதி. வெளியே போனால் "கோசோங்", அதாவது சீனி போடாமல், என்று கேட்கப் பழக்குங்கள். பழகும்வரை வாய் கசக்கும், சுமார் மூன்று வாரத்தில் சரியாகிவிடும். இரண்டாவது வேலை தட்டு. சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரோ" என்று ஒரு தட்டுப் படம் ஒட்டியிருக்குமே, கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, பாதி காய்கறி பழம். (நான் முதன்முதலில் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி வீட்டுக்குப் போய் மூன்று வேளையும் சுக்குத் தண்ணீர் குடித்தார். மலாயில் 'சுக்கு' என்றால் கால் பங்கு என்று விளக்க எனக்கு அடுத்த சந்திப்புவரை ஆயிற்று.) மூன்றாவது, மாலையில் அரைமணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடக்கட்டும், சைக்கிள் மிதிக்கட்டும், பூப்பந்து அடிக்கட்டும். தசை அசையும்போது இன்சுலினுக்கு வேலை குறைகிறது.

கழுத்து தீபாவளிக்குள் வெளுக்காது. சில மாதங்கள் பிடிக்கும், மெதுவாகத்தான் மெத்தென்ற தன்மை போய் அப்புறம் நிறம் குறையும். மகள் தாவணியைக் கட்டட்டும். கேலி செய்கிறவர்களிடம் "இது அழுக்கு இல்ல, இன்சுலின்" என்று சொல்லட்டும். அறிவியல் ஆசிரியர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

அப்புறம், "நல்ல நிறம்" என்று ஆரம்பித்தீர்களே. மாநிறமும் கறுப்பும் நல்ல நிறம்தான். பிள்ளை காதுபட வேறு மாதிரி பேசாதீர்கள்.

கேள்வி: பள்ளியில் எங்கள் ஆசிரியைகள் எல்லாரும் கொலாஜன் பானம் குடிக்கிறார்கள். ஒரு பெட்டி கிட்டத்தட்ட 200 வெள்ளி. எனக்கு 41 வயது, கண்ணோரம் சுருக்கம். நானும் வாங்கலாமா? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை)

200 வெள்ளியா! டீச்சர், சம்பளம் உயர்ந்துவிட்டதா?

கொலாஜன் ஒரு புரதம். நீங்கள் குடிப்பது வயிற்றுக்குள் போனால் மீன், பருப்புபோலவே துண்டு துண்டாக அறுபட்டுத்தான் ரத்தத்தில் சேரும். "நான் முகத்துக்குப் போகிறேன்" என்று அது விலாசம் பார்த்துப் போவதில்லை. குடித்தவர்களின் தோலில் கொஞ்சம் ஈரப்பதம் கூடியது என்று காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் பல சிறியவை, விற்கிறவர்களின் பணத்தில் நடந்தவை. கெடுதல் என்று சொல்ல மாட்டேன். சீனி சேர்த்திருக்கிறதா என்று மட்டும் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். சீனி ரத்தத்தில் ஏறியபடியே இருந்தால் கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்கிவிடும். சுருக்கத்துக்குச் சீனிப் பானம் குடிப்பது தீயை அணைக்க மண்ணெண்ணெய் எடுத்த கதை.

உடம்பு தன் கொலாஜனைத் தானே நெய்துகொள்ளும். நூல் நாம் சாப்பிடும் புரதம். முடிச்சுப் போடுவது வைட்டமின் சி. அது இல்லாவிட்டால் நெசவு நிற்காது, ஆனால் முடிச்சு பிடிக்காது. பழைய காலத்துக் கப்பலோட்டிகள் மாதக்கணக்கில் பழம் காய்கறி இல்லாமல் போனபோது, பல வருடத்துக்கு முன் ஆறிப்போன தழும்புகள்கூடப் பிளந்துகொண்டன. தழும்பு என்பதே கொலாஜன்தானே, அதை உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத்தான் ஸ்கர்வி என்ற அந்த நோய் வந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தார்.

நமக்கு ஆரஞ்சுகூட வேண்டாம். 100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம். கொய்யாவில் 200-க்கும் மேல். சுங்கையிலிருந்து பீடோர் எவ்வளவு தூரம்? பெரிய சாலையோரம் கடை கடையாகக் கொய்யாவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கார்க்காரர்கள் கோலாலம்பூரிலிருந்து வந்து வாங்குகிறார்கள். நமக்கு உள்ளூர்ச் சரக்கு என்பதாலேயே அதற்கு மதிப்பில்லை. ஒரு நடுத்தரக் கொய்யாவில் பாதி போதும், அன்றைய தேவைக்கு மேலேயே கிடைத்துவிடும். தோலோடு சாப்பிடுங்கள், தோலில்தான் சத்து கூடுதல். விதையில்லாத வெள்ளைக் கொய்யா நறுக்கென்று இருக்கும். கம்பத்து வீட்டுக் கொல்லையில் காய்க்கும் சிவப்புக் கொய்யாவில் கூடவே லைகோபீன் என்ற சிவப்புச் சத்தும் உண்டு. எனக்குச் சிவப்புதான் பிடிக்கும், பல்லில் விதை மாட்டினாலும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடைக்காரர் பழத்தை வெட்டிப் பையில் போட்டதும் மேலே ஆசாம்போய்த் தூளை (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழத் தூள்) கொட்ட வருவார். கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். அது உப்பும் சீனியும்.

நூலுக்கு ஒரு முட்டை, ஒரு துண்டு கெம்போங் மீன், ஒரு கரண்டி பருப்பு, ஒரு துண்டு தெம்பே (புளிக்க வைத்த சோயா). இதையெல்லாம் சேர்த்தாலும் உங்கள் கொலாஜன் பெட்டியின் விலையில் ஒரு மாதம் ஓட்டலாம்.

கேள்வி: நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன், 19 வருடமாக. என் வலது கையும் வலது கன்னமும் மட்டும் கறுத்து, சுருங்கிப்போய் இருக்கின்றன. இடது பக்கம் இளமையாக இருக்கிறது. மனைவி "ரெண்டு புருஷன்" என்று கிண்டல் செய்கிறாள். சாப்பாட்டில் ஏதாவது குறையா? (லோரி ஓட்டுநர், பீடோர்)

இந்த மாதத்தின் சிறந்த கடிதம் இது அண்ணே. சாப்பாட்டில் குறை இல்லை. உங்கள் வலப்பக்க ஜன்னல் கண்ணாடியைக் கேளுங்கள்.

2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு படம் வந்தது. 69 வயது லோரி ஓட்டுநர், 28 வருடம் ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் அவருடைய இடது கன்னம் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. வலது கன்னம் இருபது வயது குறைந்த ஆளுடையதுபோல் இருந்தது. ஒரே மனிதர், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம், ஒரே கவலை. வெயில் மட்டும் ஒரு பக்கம். முகச் சுருக்கத்தில் வெயிலின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. லோரியின் ஜன்னல் கண்ணாடி தோலைச் சுடும் கதிரைத் தடுக்கும், ஆனால் ஆழமாக இறங்கிக் கொலாஜனை அறுக்கும் யு.வி.ஏ. கதிரை உள்ளே விடும். எரிச்சல் தெரியாது, அதனால் நாமும் கவலைப்படுவதில்லை. நீங்களோ ஜன்னலை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்து ஓட்டுகிற ஆளாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் முழுக்கைச் சட்டை, அல்லது மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடும் கைநீள உறை. முகத்துக்குச் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், யு.வி.ஏ. தடுப்பும் இருப்பதாக. "ஆம்பளைக்கு எதுக்குக் கிரீம்" என்று வெட்கப்படாதீர்கள். நம் ஊர் நண்பகல் வெயிலின் புறஊதா அளவு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். அதுதான் அளவுகோலின் உச்சப்படி.

சரி, சாப்பாட்டுக்கும் ஒரு சின்ன இடம் உண்டு. 2001-இல் ஜெர்மனியில் ஒரு சிறிய ஆய்வு. தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஒலிவ எண்ணெயோடு 10 வாரம் சாப்பிட்டவர்களுக்குக் கதிர் பட்டுத் தோல் சிவப்பது, சாப்பிடாதவர்களைவிட 40 விழுக்காடு குறைந்திருந்தது. பச்சைத் தக்காளியைவிட எண்ணெயில் வதங்கிய தக்காளியிலிருந்துதான் லைகோபீன் நன்றாக ஏறும். உங்கள் வீட்டுத் தக்காளி சம்பால் அந்த வேலையைச் செய்யும், சீனி போடாவிட்டால். ஆனால் தக்காளி குடை ஆகாது. சட்டைக்கு அப்புறம்தான் சம்பால்.

இன்னொன்று சொல்ல வேண்டும், நீங்கள் ரசிப்பீர்கள். தினமும் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஏற்றிப் போகும் பழுத்த குலையின் அந்த ஆரஞ்சுச் சிவப்பு என்ன தெரியுமா? கரோட்டின். கேரட்டில் இருக்கும் அதே சரக்கு, அதைவிட அடர்த்தியாக. ஆலையில் பிழிந்ததும் வரும் கச்சா எண்ணெய் செக்கச் செவேல் என்று இருக்கும். அப்புறம் சுத்திகரிப்பில் வெளுப்பு மண்ணைப் போட்டு, 200 பாகைக்கு மேல் சூடாக்கி, அந்த நிறத்தை முழுக்க எடுத்துவிட்டுத்தான் மஞ்சள் தண்ணீர்போல் புட்டியில் அடைக்கிறார்கள். தோலுக்கு வேண்டியது போய்விட்டது, பொரிக்கத் தோதானது நமக்கு வந்தது. அதனால் கரோட்டினைப் பப்பாளி, பூசணி, கேரட், முருங்கைக்கீரையில் தேடிக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும். அப்போது மனைவிக்கு மூன்றாவது புருஷன் கிடைத்துவிடுவான்.

கேள்வி: மிசி, எனக்கு 17 வயது, இந்த வருடம் எஸ்.பி.எம். தேர்வு. முகமெல்லாம் பரு. முந்திரி, பாதாம் சாப்பிட்டால் வருமா? (ஐந்தாம் படிவ மாணவன், ஸ்லிம் ரீவர்)

தம்பி, முந்திரியை விடு. இரவில் விழித்துப் படிக்க எத்தனை மைலோ ஐஸ், எத்தனை மீ பாக்கெட்? 2007-இல் ஆஸ்திரேலியாவில் உன் வயது பையன்களை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். ரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றாத சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குப் பரு நன்றாகக் குறைந்தது. வெள்ளை ரொட்டி, இனிப்புத் தண்ணீர், உருளை வறுவல் இவற்றைத் தேர்வு முடியும்வரையாவது குறை. புரதப் பொடி ஏதாவது குடித்து உடம்பு ஏற்றுகிறாயா? பால் சத்தில் செய்த அந்தப் பொடியும் சிலருக்குப் பரு கிளப்பும். கிள்ளாதே. பெரிய கட்டியாக வந்து குழி விழுந்தால் கிளினிக்குக்குப் போ, நல்ல மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 15 வெள்ளிக்கு ஒரு கிரீம் வாங்கினேன். இரண்டு வாரத்தில் முகம் நன்றாக வெளுத்தது. பூசுவதை நிறுத்தினால் சிவந்து எரிகிறது. கறிவேப்பிலைச் சாறு குடித்தால் சரியாகுமா? வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. (இல்லத்தரசி, தாப்பா ரோடு)

தங்கச்சி, இந்தப் பதிலைப் படித்ததும் அந்த டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வை. குப்பையில் போடாதே, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு வாரத்தில் வெளுக்க வைக்கும் மலிவுக் கிரீம்களில் பாதரசம் இருந்தது, ஹைட்ரோகுவினோன் இருந்தது, ஸ்டீராய்டு இருந்தது என்று நம் சுகாதார அமைச்சு வருடா வருடம் பட்டியல் போட்டு எச்சரிக்கிறது. பாதரசம் தோல் தன் நிறத்தைத் தயாரிப்பதையே தடுத்துவிடும், அதனால்தான் அவ்வளவு வேகம். அப்புறம் அது தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் சேரும். நீ குழந்தையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுகிறாயே, அந்தப் பாதரசம் குழந்தைக்கும் ஒட்டும். தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் தனியாகத் துவைத்துவிடு. டாக்டரிடம் போய் "இந்தக் கிரீம் பூசினேன், சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும்" என்று வெட்கப்படாமல் சொல். எரிச்சலுக்கு அவர் மருந்து கொடுப்பார். கறிவேப்பிலை பாவம், அதன் தலையில் இந்த வேலையைக் கட்டாதே.

இனி எந்தக் கிரீம் வாங்கினாலும் டப்பாவில் 'என்.ஓ.டி.' (NOT) என்று தொடங்கி, நடுவில் எண்களும் கடைசியில் 'கே' எழுத்தும் உள்ள பதிவு எண்ணைத் தேடு. எண் இருந்தாலும் அது ரத்தாகியிருக்கலாம், அதனால் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார். மூன்று நிமிட வேலை.

உன்னைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நானும் ஒரு சின்ன வெள்ளை டப்பா வாங்கிப் பூசினேன். அப்போது நான் மிசி வேலையில் சேர்ந்தாயிற்று, படித்தவள், தெரிந்தவள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா "பொண்ணு கொஞ்சம் கறுப்பு" என்று சொன்னது காதில் விழுந்துவிட்டது. கல்யாணப் படத்தில் என் முகம் மட்டும் வெள்ளையாக, கழுத்தும் கையும் என் நிறத்தில் இருக்கும். அந்தப் படத்தை இப்போது பேத்திகள் எடுத்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பழைய தோட்டத்தில் செம்பனை நிரைகளுக்கு இடையில் வல்லாரை மண்டிக் கிடக்கிறது. மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாக (பச்சையாக) சாப்பிடுகிறார்கள், தோலுக்கு நல்லதாமே? பறித்துச் சமைக்கலாமா? (ஒரு பாட்டி, பீடோர்)

வல்லாரை நல்ல கீரைதான் அம்மா. அதிலிருந்து எடுக்கும் சத்தைப் புண் ஆற்றும் மருந்துக் களிம்புகளில் சேர்க்கிறார்கள். துவையலாகச் சாப்பிட்டால் சுருக்கம் மறையும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கீரைக்கு உள்ள மற்ற நன்மைகள் அதற்கும் உண்டு.

ஆனால் அந்த இடத்தில் பறிக்காதீர்கள். செம்பனை நிரைக்கு மருந்தடிப்பார்கள். பராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்தார்கள், அதுவரை எத்தனை பெண்கள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அதை அடித்தார்கள்! நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வந்து என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். இப்போது வேறு மருந்து அடிக்கிறார்கள். நேற்று அடித்தார்களா, போன வாரம் அடித்தார்களா என்று இலை சொல்லாது. கழுவினால் முழுக்கப் போகவும் போகாது. வேரோடு நாலு கொடியை எடுத்து வந்து, பழைய இலைகளை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு, வீட்டுப் பின்புறம் நிழலில் ஒரு வாளியில் நடுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரத்தில் புது இலை விடும். அதைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, எலுமிச்சை பிழிந்து பச்சையாகச் சாப்பிடுங்கள். அடுப்பில் வைத்தால் அதிலுள்ள வைட்டமின் சி-யில் ஒரு பங்கு போய்விடும்.

கேள்வி: தினம் 8 கிளாஸ் தண்ணீர் குடித்தால் முகம் மினுங்குமா? (வாசகி, ஈப்போ)

தாகம் தீரும். கழிப்பறைக்கு நடை கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் உங்களுக்குத் தண்ணீர் போதுமானது.

கேள்வி: வீட்டில் புழுங்கலரிசி போட்டால் பிள்ளைகள் சாப்பிட மாட்டோம் என்கிறார்கள். வெள்ளை அரிசியால் தோலுக்குக் கெடுதலா? (வாசகர், தஞ்சோங் மாலிம்)

கெடுதல் அளவில்தான். ஆனால் புழுங்கலரிசிக்கு நான் கட்சி பேசுவேன், காரணம் பழைய கதை. மலாயாவில், வைட்டமின் பி-1 குறைந்தால் வரும் பெரிபெரி நோய் ஈயச் சுரங்கக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்த காலத்தில், தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. ஏன் என்று பார்க்க 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் டாக்டர் ஃபிளெட்சர் ஒரு பாதிப் பேருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறுபாதிக்கு நம் புழுங்கலரிசியும் போட்டார். வெள்ளை அரிசிக்காரர்களுக்குத்தான் நோய் வந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி-1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதோடு புழுங்கலரிசி ரத்தத்தில் சீனியைக் கொஞ்சம் நிதானமாக ஏற்றும். பிள்ளைகளுக்குப் பாதி பாதி கலந்து ஆரம்பியுங்கள், மீன் குழம்பு நன்றாக இருந்தால் கவனிக்க மாட்டார்கள்.

கேள்வி: உங்கள் படத்தைப் பார்த்தால் 45 வயதுதான் சொல்லலாம். உங்களுக்கு 63 என்று என் தோழி சொன்னாள். நீங்கள் என்னதான் சாப்பிடுகிறீர்கள், மறைக்காமல் சொல்லுங்கள். (வாசகி, கம்பார்)

தோழி சொன்னது சரி. படம்தான் பொய். அது 2009-இல் எடுத்தது, மாற்றச் சொல்லி ஆசிரியரிடம் மூன்று முறை கேட்டாயிற்று.

கண்ணோரம் சுருக்கம் நிறையவே இருக்கிறது. வலது புருவத்துக்கு மேல் வெயில் திட்டு ஒன்று, 50 சென் காசு அளவுக்கு. தோட்டத்தில் 9 வருடம் குடையில்லாமல் லயம் லயமாக நடந்ததற்குக் கிடைத்தது.

நேற்று சாப்பிட்டதைச் சொல்கிறேன். பசியாற இரண்டு தோசை, தக்காளிச் சட்னி, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். பத்து மணிக்குப் பாதிக் கொய்யா. மதியம் புழுங்கலரிசிச் சோறு, கெம்போங் மீன் குழம்பு, கங்கோங் பிரட்டல், வாளியில் பறித்த வல்லாரை. இரவு ஒரு முட்டை, மீந்த குழம்பு, ஒரு துண்டு பப்பாளி. இது மறைக்காமல் சொன்ன பகுதி. நடுவில் நாலரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, பக்கத்து வீட்டில் பீசாங் கோரேங் (மாவில் தோய்த்த வாழைப்பழம்) பொரிக்கும் வாசனை வேலிக்கு மேல் வந்தது. ஐந்து துண்டு.